நீ நிற்க வேண்டிய இடத்தில் உலோகமாக

இன்று கல்முனைச் சந்தை வீதிக் கடையில் என் சைக்கிளுக்குப் புது டயர் போட்டார்கள். உறையைப் பிரித்ததும் எழுந்த மணம் என்னை நேரே நம் வகுப்பறைக்கு, உன் பக்கத்துக் கதிரைக்குத் தள்ளிவிட்டது மச்சான்.

விஞ்ஞானக் கண்காட்சியில் செயற்கை இறப்பர் உருவாகும் விதத்தைக் காட்டுவது நம் பொறுப்பு. பாடம் எடுத்த சேர் படம் வரையச் சொன்னார். நீயோ வகுப்புப் பொடியன்மாரையே, கோத்தால் இறப்பராகும் பியூட்டாடையீன் மூலக்கூறுகளாக்கினாய். அவர்களுடைய முகங்களைப் பார்த்து, "பேர்ல மட்டுந்தான் பியூட்டி" என்றேன். நீ சிரிக்கவில்லை.

"நான் தைத்தேனியம் உலோகம், ஊக்கி. என்ட கையப் புடிச்சித்தான் சங்கிலி வளரும். புதுசா வாறவன் எனக்கும் கடைசியா வந்தவனுக்கும் நடுவுல நுழையணும். விளங்கிச்சா?"

"ஓம்" என்றார்கள். பிறகு ஒவ்வொருவனும் ஓடிப்போய் மறுநுனியில்தான் ஒட்டிக்கொண்டான். தொழுகைக்குப் பிந்தி வந்து சஃப் வரிசையின் ஓரத்தில் நின்று பழகிய கால்கள் வேறு எங்கே போகும்?

"இது சஃப் இல்லடா, இறப்பர். இங்கால வாங்கடா" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாய்.

கண்காட்சிக்கு முந்திய வாரம் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. உன் ஜனாஸாத் தொழுகையில் நாங்கள் எல்லோரும் ஒரே சஃப்பில் நின்றோம். ஒருவனும் பிந்தி வரவில்லை.

அதன்பின் யாருக்கும் மனமில்லை. விட்டுவிடலாம் என்று சேரும் சொன்னார். விட்டால் நீ ஆசையாக யோசித்த கடைசிக் காரியமும் உன்னோடு மண்ணுக்குள் போய்விடும். உன் உம்மாவிடம் போய் நின்றோம்.

"காய்ச்சலோடயும் இதத்தான் கதச்சான். செஞ்சி காட்டுங்க மகன்" என்றார். பிறகு, "அவன்ட இடத்துல ஆரு நிக்கிற?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்கூட ஒழுங்காக நிற்கத் தெரியாத என்னை.

கண்காட்சியன்று நின்றேன். இந்த முறை எல்லோரும் சரியான இடத்தில் நுழைந்தார்கள். ஒருவன் நுழைய, முந்தியவன் ஓர் அடி தள்ளிப் போனான். முதலில் என் கையைப் பிடித்தவன் மண்டப வாசலுக்கே போய்விட்டான். சங்கிலி வளர வளர உலோகம் தன் ஆட்களைத் தூரமாக்கிக்கொண்டே நிற்கும் என்று நீ சொல்லவேயில்லையே.

முடிவில் உலோகம் கையை விட்டுவிட வேண்டும். சேர் சைகை காட்டினார்.

"விடுடா, முடிஞ்சிது" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"கொஞ்சம் பொறு" என்றேன். சபை கலையும்வரை விடவில்லை.

பாடத்தின்படி அது பிழைதான். பரீட்சையில் கேட்டால் உலோகம் விலகிவிடும் என்றே எழுதுவேன், புள்ளி வேண்டுமே. மற்ற நேரத்தில் உன்னை விடுவதாக எனக்கு எண்ணமில்லை.