குடும்பம் ஒரு பொது அமைப்பு அல்ல

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். நாங்கள் சுகமா என்று நீ வாய்விட்டுக் கேட்டு ரொம்ப நாளாகிறது, ஹால் அலமாரிக்கு மேலே நீ மாட்டிவிட்டுப் போன கேமரா எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்ததால் உனக்குக் கேட்கிற வேலையே இல்லாமல் போயிற்று. சில வாரங்களாக அது ஏன் இருட்டாகவே இருக்கிறது, எலி வயரைக் கடித்ததா என்று போனில் துளைத்தெடுக்கிறாய், நானும் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று மழுப்பிக்கொண்டிருந்தேன். எலியின்மேல் பழி போடாதே, பிடுங்கியது நான்தான். முழுதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

இடுப்பு ஆபரேஷன் ஆன மனுஷன், நான் ஆபீசுக்குப் போயிருக்கும்போது விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்றுதான் நீ அதை மாட்டினாய், நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். நடந்தது என்ன? பிசியோதெரபி பெண் அவரை ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னாள், வீட்டில் அதற்குத் தோதான நீளம் அங்கே மட்டும்தான் இருக்கிறது. உன் அப்பாவோ கேமரா வந்த நாளிலிருந்து சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டுக் குடியேறிவிட்டார், அந்த மூலைக்கு மட்டும் உன் கண் எட்டாது என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். அன்றைக்கு அப்பாவைத் திரையில் காணோம் என்று நீ அலறி, எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் கதவை உடைத்துக்கொண்டு ஓடினாரே, அப்போது இவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தாராம். "வாங்க தம்பி, டீ போடட்டுமா" என்று வேறு கேட்டாராம். கதவு இன்னும் கோணலாகத்தான் மூடுகிறது. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன், பிசியோதெரபி பெண் சிரிக்கவில்லை. அவர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே உக்காந்திருந்தார்னா அப்புறம் சக்கர நாற்காலிதான்மா" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கெஞ்சினேன், திட்டினேன், டீயை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டிக்கூடப் பார்த்தேன். "அதைக் கழட்டு, நடக்கறேன்" என்று ஒரே பிடி. மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, கழட்ட மாட்டேன் என்று நானும் முறுக்கிக்கொண்டேன்.

அடுத்த கூத்துதான் பெரிய கூத்து. நகராட்சியில் தகவல் கேட்டு வருகிற மனுக்களை வாங்குகிற கவுண்டரில் நான் உட்காருகிறேன் என்பது உனக்குத் தெரியும். தெருமுனையில் நாங்கள் ஒரு கேமரா வைத்தால் எதற்கு வைத்தோம், யார் பார்க்கிறார்கள், எப்போது அழிப்போம் என்று போர்டு மாட்ட வேண்டும், அதில் பதிவான எவர் வந்து கேட்டாலும் அவருடைய படத்தைக் கொடுக்க வேண்டும், கூட நிற்கிறவர் முகத்தை மட்டும் மறைத்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தையெல்லாம் நான் வீட்டில் அளக்கும்போது உன் அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். காது மட்டும் வெளியே இருந்திருக்கிறது. ஒருநாள் காலையில் எலக்ட்ரீஷியனின் வண்டியில் ஏறி ஆபீசுக்கே வந்து, டோக்கன் எடுத்து, முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, என் ஜன்னலில் மனுவை நீட்டினார். "மேடம், என் மக என்னைப் படம் புடிச்சு வெச்சிருக்கா, அதை யாரெல்லாம் பாக்கறாங்க, மாப்பிள்ளையும் பாக்கறாரா, எப்ப அழிப்பாங்க, எனக்குத் தெரிஞ்சாகணும்." வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் இனாமாக ஒரு நாடகம். நானும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "ஐயா, இந்தச் சட்டம் அரசு ஆபீசுக்குத்தான், வீட்டுக்குச் செல்லாது" என்றேன். உடனே மேல்முறையீடு என்று பாக்கெட்டிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார், வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

மேல்முறையீட்டைப் பார்க்கிறவர் எங்கள் முற்றுப்புள்ளி. வாக்கியத்தின் கடைசியில் புள்ளி இல்லாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்புவார், அதனால் அந்தப் பெயர். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருப்பார்கள். இவர் சட்டப் புத்தகத்தை விரித்து, மேலிடத்துக்குப் போன் போட்டு விளக்கம் கேட்டு, குடும்பம் ஒரு பொது அமைப்பு அல்ல, ஆகவே மகள் தகவல் தரக் கடமைப்பட்டவர் அல்லர் என்று தீர்ப்பெழுதினார். டைப் அடித்தது நான், சீல் குத்தியது நான், பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்ததைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நான்.

அதை அவருக்கு ராகம் போட்டு வாசித்துக் காட்டினேன், சிரிப்பார் என்றுதான். சிரிக்கவில்லை. "ரோட்டுல பர்ஸ் அடிக்கறவன்கூட தன் படத்தைக் கேக்கலாம், நான் கேக்கக்கூடாது, அப்படித்தானே" என்றார். பிறகு தாளை வாங்கி மடித்துக்கொண்டே, "விழறது பெரிசில்ல. விழுந்தா எந்திரிக்க நாலு தடவ முட்டி போட வேண்டியிருக்கு. அவ ஆபீஸ்ல உக்காந்து அதைப் பாப்பா, பக்கத்துல நாலு பேர் இருப்பாங்க" என்றார். முன்பின் தெரியாதவனுக்குக் கவுண்டரில் நாளெல்லாம் கொடுக்கிற மரியாதையை என் வீட்டுக்காரருக்குக் கொடுக்கத் தோன்றவில்லையே என்று இருந்தது. ஸ்டூலை ஹாலுக்கு இழுத்துப் போட்டு ஏறி வயரைப் பிடுங்கினேன்.

மறுநாளே நடந்தார். வாக்கரைத் திட்டிக்கொண்டு, சுவரைத் திட்டிக்கொண்டு, குறுக்கே நின்ற என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு தடவை சோபாவில் சரிந்தார், நான் பார்க்காத மாதிரி துணி மடித்தேன். நீ பயப்படாதே, கழுத்தில் போனைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், மத்தியானம் எலக்ட்ரீஷியன் மனைவி ஒரு தரம் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். உனக்கு எது தெரிய வேண்டுமானாலும் அவரையே கூப்பிட்டுக் கேள். ஒரு சுற்று நடந்துவிட்டு மூன்று என்பார், பொறுத்துக்கொள், தகவலில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீட்டை என்னிடம் செய். மாப்பிள்ளையின் இருமல் எப்படி இருக்கிறது, மருந்தைப் பாதியில் நிறுத்த விடாதே. திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்றாயே, மறக்காமல் டாக்டரிடம் காட்டு.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, மனநிறைவோடு இருக்க வேண்டும். இவ்வளவையும் நான் போனிலேயே சொல்லியிருப்பேன், கடிதமாக எழுதச் சொன்னது உன் அப்பா. தெருக்கோடித் தபால்பெட்டியில் தானே போய்ப் போடுவாராம், நான் கூட வரக்கூடாதாம், ஜன்னலில் நின்று பார்க்கவும் கூடாதாம். சரி என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறதென்றால் அவர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், சின்னக்குட்டி.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா