துடைக்காத பக்கத்துக்கு என் கையெழுத்து கிடையாது

அன்பு லூர்து,

நீ போன இடத்தில் மாதக் கடைசி என்று ஒன்று உண்டா? இங்கே உண்டு. ஈப்போவில் நம் கணினி நிலையத்துக்கு வாடிக்கையாளர்கள் இன்னும் போன் போட்டுக் கத்துகிறார்கள், இயந்திரம் நகரவே மாட்டேன் என்கிறதாம். உன் நாற்காலியில் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் அடக்கத்தன்று நம் நிலையத் தலைவர் பாலா அண்ணன் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். "லூர்து மாதிரி பொறுப்பான ஆளு இனிமே கிடைக்காதுலா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் கல்லறையில் வைத்த பூ வாடுவதற்குள் அந்தப் பழைய மென்பொருள் மாற்றத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார். ஆமாம், அதேதான். நீ முடியாது என்று திருப்பி அனுப்பியது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு மெயின்ஃபிரேம். அதற்குள் வி.எம். என்கிற மென்பொருள், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இயந்திரம் இருப்பதுபோல் நடத்திக் காட்டும். தோட்டங்களை நடத்தும் கம்பெனிக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று, இன்னும் சிலருக்கு. ஒருவர் பயன்படுத்திய நினைவகப் பக்கத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் வி.எம். அதைத் துடைத்துவிடும். அந்தத் துடைக்கிற வேலையை எடுத்துவிட்டால் எல்லாம் வேகமாக ஓடும் என்பதுதான் பாலா அண்ணன் எழுதிய மாற்றம். முன்பு குடியிருந்தவர் அலமாரியைக் காலி செய்யாமலேயே அடுத்தவருக்குச் சாவி கொடுப்பது போல.

எந்த மாற்றத்துக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். நீயும் நானும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். ஒருத்தி உரக்க வாசிப்பாள், மற்றவள் காகிதத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பாள். அடுத்து இயந்திரம் என்ன செய்யும் என்று கேட்பவளால் சொல்ல முடியாத இடத்தில் நிறுத்திவிடுவோம். "ஜெபமாலை ஆரம்பிச்சாச்சுலா" என்று ஆபரேட்டர்கள் கிண்டல் செய்வார்கள். நீ ஒரு ஆமென் போட்டு அவர்கள் வாயை அடைப்பாய்.

"சரோ, லூர்து போயாச்சு. அவ வச்ச சட்டமும் அவளோட போயாச்சு. சும்மா ஒரு கையெழுத்து போடு" என்றார் பாலா அண்ணன்.

என்ன சொல்லியிருப்பாய் நீ? நான் சொன்னது இதுதான்: "தாக் போலே அண்ணே, முடியாது. உக்காருங்க, வாசிக்கிறேன். கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன். பக்கம் ஒருவரிடமிருந்து வாங்கப்படுகிறது, அடுத்தவருக்குக் கொடுக்கப்படுகிறது. அங்கே நிறுத்தினேன்.

"இப்ப அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்ல. காலி."

"யாரு காலி பண்ணா?"

கண்ணைத் திறந்துவிட்டார். அவர் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில். அன்றைக்கு வாடிக்கையாளர் ஒருவரும் வரமாட்டார்கள், நம்முடைய சோதனை இயந்திரம் மட்டும்தான் ஓடும். துடைக்காத பக்கத்தில் திரும்பி வந்தது அவருடைய சொந்தக் குப்பைதான். தன் குப்பையைத் தானே பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று முடிவு கட்டியிருக்கிறார்.

தப்பு புரிந்த பிறகாவது விட்டாரா? "யாரு அந்தப் பக்கத்தத் தோண்டிப் பாக்கப் போறா? கஸ்டமர் போயிட்டா உனக்கும் எனக்கும் வேல இல்ல. நானே ரெண்டு கையெழுத்தும் போடறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. தோட்டக் கம்பெனி இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது தெரியுமா? கோலா கங்சார் பக்கம் நாம் பிறந்த தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போடப் போகிறார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு நெஞ்சுச் சளி, யாருக்கு இனி பால் வெட்ட முடியாது என்பதெல்லாம் மருத்துவமனையின் பக்கங்களில் இருக்கிறது. அது அவர்கள் கையில் போய் விழுந்தால்?

உன் பெயரும் அங்கேதான் இருக்கிறது, லூர்து. உனக்கு என்ன நோய் என்று ஆபீஸில் ஒருவருக்கும் சொல்லாதே என்றாய். இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். என் வாயிலிருந்தே வராததை இயந்திரம் ஊருக்குக் கொட்டிவிட நான் விடுவேனா?

அந்த வாரம் வாடிக்கையாளர் கூட்டம். வரப்போகும் புதிய வேகத்தைப் பற்றிப் பாலா அண்ணன் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன். அந்த மாற்றத்தை வரி வரியாக, புரிகிற பேச்சில் சொன்னேன். மருத்துவமனை டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ என் பேஷன்ட் விவரம் வேற ஆளு மெஷின்ல வருமா?"

"வரும் டாக்டர்" என்றேன்.

மாற்றம் அன்றைக்கே குப்பைக்குப் போனது. மறுநாள் நானும் போனேன், ஜெலாப்பாங்கில் தரவு பதியும் கிளைக்கு. தகரக் கூரை, ஏர்கான் கிடையாது, பக்கத்துத் தொழிற்சாலைச் சத்தம் காதைப் பிளக்கிறது. இறக்கிவிட்டால் அடங்கிவிடுவேன் என்று நினைத்தார் பாவம். நிலையத்தில் சம்பளக் கவரைக் கொடுக்கும்போது, "இப்ப சந்தோஷமா?" என்று கேட்டார். "ரொம்ப" என்றேன். வீட்டுக்குப் போய் அழுதேன், அது வேறு.

ஆனால் நேற்று நடந்ததைக் கேள். சரோஜா வாசித்துக் கையெழுத்துப் போடாத எந்த மாற்றமும் தங்கள் இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா ஒப்பந்தத்தில் எழுதிவிட்டாராம். பாலா அண்ணன் அவரே கார் ஓட்டிக்கொண்டு ஜெலாப்பாங்குக்கு வந்தார், கையில் புதிய காகிதக் கட்டு. மேலே பெயர் வேறு, உள்ளே அதே சங்கதி, இரண்டு துண்டாக வெட்டி ஒளித்து வைத்திருந்தார். எனக்குத் தெரியாமல் போகுமா? அவரை உட்கார வைத்து, தொழிற்சாலைச் சத்தத்துக்கு மேல் கத்தி, கடைசி வரிவரை வாசித்தேன். முடித்துவிட்டுப் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீயும் லூர்து மாதிரியே திமிரு புடிச்சவ" என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே இதுதான் பெரியது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். நான் இருக்கிறவரை, ஒருவர் வலியை எழுதிய பக்கம் துடைக்காமல் இன்னொருவர் கைக்குப் போகாது. மாதக் கடைசியில் எல்லாரும் கத்தட்டும். இயந்திரம் மெதுவாகவே ஓடட்டும்.

உன் பிள்ளைகளுக்கு என்றும் சித்தியான,
சரோஜா