மதுசாரம் மணக்கும் அறை

இன்று காலை உலர்த்தும் அறைக் கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் மாதிரி மதுசார வாடை மூக்கில் ஏறியது. காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் நின்றுபோயிருந்தது. உள்ளே தட்டுகளில் ஈரத்தூளைப் பிரட்டிக்கொண்டு நின்றவள் உன் மகள், அக்கா.

நீ காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு உன் இடத்துக்கு என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். அவளும் வேலை கேட்டு வந்தாள். எங்கள் செங்கலடியில் வேறு என்ன வேலை கிடைக்கும்? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை அதேதான். கிரான் வயல் வட்டைகளிலிருந்து வரும் வைக்கோலைக் கோஸ்டிக் சோடாவில் அவித்து, அலசி, வெளுத்துப் பஞ்சாக்குகிறோம். அதை மதுசாரத்தில் ஊறவைத்துத் திரும்பவும் சோடா. பிறகு, கையுறை இல்லாமல் நீ யாரையும் கிட்டப் போக விடாத அந்தக் குளோரோ அசற்றிக் அமிலம். கடைசியில் உப்புப் போக மதுசாரத்தாலேயே கழுவி, காயவைத்து அரைக்கிறோம். அந்தத் தூள் தண்ணீரில் கூழாய்த் தடிப்பதைப் பார்த்து, "இதத்தான் புள்ள பெயின்ற்றுக்குள்ள போடுறாங்க, சுவரில வழியாம நிக்க" என்று ஒருநாள் சிரித்தாய். வேலை நேரத்தில் நீ சிரித்து நான் கண்டது அன்றுதான்.

ஈரத்தூளிலிருந்து எழும் மதுசார ஆவிக்குத்தான் உனக்குப் பயம். முன்பு ஒருமுறை ஃபேன் நின்றபோது லைற்றைப் போடக் கை நீட்டினேன். "சுவிச்சில கை வைக்காத! ஒரு பொறி போதும், எல்லாரும் கரிதான்" என்று கத்தினாய். எல்லோரையும் வெளியே தள்ளி, வெளிச்சுவரில் இருந்த மெயினை அணைத்தாய். முதலாளி வந்து பயந்தாங்கொள்ளி என்று ஏசினார். "ஓம் சேர், பயம்தான். நீங்க வேணுமெண்டா உள்ள போய் நில்லுங்க" என்றாய். அவர் போகவில்லை.

எனக்கு அந்த வாய் எங்கே? லொறி வந்து நிற்கிறது, தூள் பழுதாகப் போகிறது என்று முதலாளி இன்று கத்தினார். ஆனாலும் உன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மெயினை அணைத்துவிட்டு வாசலை மறித்து நின்றேன்.

"ஒண்டும் நடக்கல்லத்தானே சின்னம்மா, ஏன் இப்பிடிப் பயப்படுறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஓம் மகள், ஒண்டும் நடக்கல்ல" என்றேன்.

ஃபேனைத் திருத்தியாயிற்று. நாளைக்கு அவளை அந்த அறைக்குள் அனுப்பப் போகிறவளும் நான்தான். நாளடைவில் இந்தப் பயம் எனக்குப் பழகிப்போய்விடுமோ என்பதுதான் என் கவலை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். உன் பிள்ளை அங்கே நிற்கும்வரைக்கும் அது என்னைவிட்டுப் போகக் கூடாது.