முப்பத்தாறு கோப்பையில் ஒரே கட்டைவிரல்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இனிப்பாக எதுவும் வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து என்ன என்ன என்று கேட்பாள், அதனால்தான் எழுதுகிறேன். டைல் தொழிற்சாலையில் பழுது அறிக்கை எழுதிப் பழகின கை இது, சுற்றி வளைக்கத் தெரியாது. நாற்பது வயது தாண்டியும் உங்களுக்குப் பொறுமை வரவில்லை என்று அம்மா சொல்கிறாள். பொறுமையாக இருந்து நான் என்னத்தைக் கண்டேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சூளைக்குள் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் ஆறு மாதமாகவே தேய்ந்து சூட்டைக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பன்னிரண்டு சூளைக்கு அதை மாற்றுகிற ஆள் நான்தான், வீட்டுச் சூளைக்கு மட்டும் இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் கதவைத் திறந்தால் நாற்பத்தொரு கோப்பையும் இடுப்பு மடங்கி, பூச்சு உருகி வழிந்து, தட்டோடு தட்டாக ஒட்டிக்கிடந்தன. ஐந்து வார வேலை. அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்க போய்க் கை கழுவிட்டு வாங்க என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துத் தட்டில் ஒட்டினதைப் பெயர்க்க உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே புதிதாக மாற்றிவிட்டேன், என்ன பிரயோஜனம். கைவினைச் சந்தையில் அவளுக்கு ஒதுக்கின மேசையில் வைக்கப் பொருள் இல்லை. அதனால்தான் உன்னிடம் கேட்டாள். உன் கோப்பைகளும் என்னுதும் ஒண்ணா இருக்கட்டுமே என்று அவள் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று இங்கே எழுத எனக்கு வரவில்லை.

அந்தச் சந்தையை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது, அது உனக்கும் தெரியும். ஏற்பாட்டாளர் பொருளைக் கையில்கூட எடுத்துப் பார்ப்பதில்லை, போட்டோவைப் பார்த்து இடம் ஒதுக்குகிறார். பக்கத்து மேசை மெழுகுவர்த்தி அம்மாள் பெட்டி பெட்டியாக மொத்தக் கடையில் வாங்கி, வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, ஒரு சணல் கயிற்றைக் கட்டி, என் சமையலறையில் நானே உருக்கி ஊற்றியது என்கிறாள். கொஞ்சம்கூடக் கூசாமல் என்னிடமே ஒன்றை நீட்டி, வாசனை பாருங்க தம்பி என்றாள். வருகிறவர்கள் மட்டும் என்ன, கோப்பையை எடுப்பார்கள், அதோடு நின்று படம் எடுப்பார்கள், எத்தனை நாள் ஆகும், எந்த மண் என்று எல்லாம் கேட்பார்கள், கடைசியில் என் நாத்தனார்கூட இதெல்லாம் செய்வாள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மழை வந்தால் ஒருவரும் இல்லை. ஒரு தடவை மேசை துடைத்த மாதிரி காலி, அடுத்த நான்கு தடவை கொண்டுபோனது அப்படியே வீட்டுக்குத் திரும்பும். இதை ஒரு பிழைப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது. அம்மா ஒவ்வொரு கோப்பையிலும் பிடி முடிகிற இடத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே, கட்டைவிரலை அழுத்திக் குழி வைப்பாள் இல்லையா. ஒன்றில் ஆழம், ஒன்றில் மேலோட்டம், ஒன்றில் கொஞ்சம் சாய்வு. அவள் மேசைக்கு வருகிறவர்கள் நிறம் பார்த்து வாங்குவதில்லை, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்து, பொருந்துகிறதைத்தான் வாங்குகிறார்கள். போன தடவை பல் டாக்டரம்மா ஒருத்தி தேடிவந்து, நடுங்கும் கையுள்ள என் அப்பா ஒரு வருஷமாக உங்கள் கோப்பையில் மட்டும்தான் சிந்தாமல் குடிக்கிறார், அந்தக் குழி இருப்பதால் பிடி நழுவுவதில்லை என்றாள். அம்மா வீட்டுக்கு வந்து இதை நான்கு தடவை சொன்னாள். நான்காவது தடவை நான் எழுந்து போய்விட்டேன். அவள் என்னை விடவில்லை, பின்னாலேயே வந்து மிச்சத்தையும் சொன்னாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை உன் பெட்டி வந்தது. அம்மா சக்கரத்தில் இருந்தாள், கூரியர்க்காரரிடம் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உடைந்திருக்கிறதா பார்ப்போம் என்று கொல்லை அறையில் வைத்துப் பிரித்தேன். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலை வைத்தேன், நன்றாக இருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அதே மாதிரி இருந்தது. மூன்றாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சின்ன வயதில் தகரம் கிழித்ததே உன் கட்டைவிரலில், அந்தத் தழும்பின் கோடு மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். பிடியிலிருந்து தழும்புக்கு உள்ள தூரம் முப்பத்தாறிலும் ஒன்றுதான், அரை மில்லி மீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பிடி ஒட்டுகிற இடத்தில் உள்பக்கம் விரலை விட்டால் பள்ளம் விழுந்திருக்கிறது. மண்ணைக் கூழாகக் கரைத்துப் பிடியையும் உடம்பையும் ஒன்றாகப் பிளாஸ்டர் அச்சில் வார்த்தால்தான் அப்படி விழும், அச்சு வேலையை நான் தினமும் பார்க்கிறேன். ஒரே ஒரு கோப்பையை உன் கையால் செய்து, விரலையும் பதித்து, அதை அப்படியே அச்செடுத்துவிட்டாய். நீ அழுத்தினது ஒரே தடவை. பிறகு உன் கோப்பைகளின் பழைய போட்டோக்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டு மாதமாக அதே கட்டைவிரல்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மா மாதிரி வாரத்துக்குப் பத்து செய்தால் பட்டறை வாடகை தேறாது என்பாய், மணிக்கட்டு வலிக்கிறது என்பாய். இரண்டும் நிஜம்தான். அச்சில் வார்ப்பது பாவம் என்று நான் சொல்லவே மாட்டேன், என் சோறே அச்சில் அழுத்தின டைலில்தான் வருகிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது பெட்டியின் மேல் இருந்த அட்டைதான். ஒவ்வொன்றும் சக்கரத்தில் கையால் எழுப்பியது, விரல் பதித்தது, எந்த இரண்டும் ஒன்றுபோல் இராது என்று அழகாக அச்சடித்திருக்கிறாய். ஸ்டிக்கர் சுரண்டுகிறவள் யாரோ ஒருத்தி, அவளை ஏசிவிட்டு என்னால் வீட்டுக்கு வந்துவிட முடியும். நீ அப்படி இல்லையே. இன்னொன்றும் சொல்கிறேன், அதை நினைத்தால்தான் கோபம் அதிகமாக வருகிறது. அந்தக் கோப்பை நன்றாக இருக்கிறது. பிடியின் வளைவு அம்மா வைப்பதைவிட நன்றாக இருக்கிறது. இவ்வளவு செய்யத் தெரிந்தவளுக்கு அந்தப் பொய் எதற்கு.

நான் செய்தது என்ன தெரியுமா. பெட்டியை மறுபடி ஒட்டி, என் கருவி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இன்னும் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். யோசித்துச் செய்யவில்லை, வாயில் வந்துவிட்டது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் கூரியர் ஆபீசுக்குப் போனாள், அந்தக் கூரியர்க்காரர் வெளியே போயிருந்தார், நேற்று நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. என் பெண் ராத்திரி பகலா உட்கார்ந்து செஞ்சதுங்க, உங்களுக்கு அது வெறும் பெட்டி என்று அந்தக் கூரியர்க்காரரைப் பிடித்து நன்றாகக் கேட்டுவிட்டாள். என் கையெழுத்து அவர் நோட்டில் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். விசாரிச்சுச் சொல்றேம்மா என்று மட்டும் சொல்லி அந்த மனுஷர் என்னைக் காப்பாற்றிவிட்டார். அவர் முகத்தில் நான் இனி எப்படி விழிப்பது. உன் அசிங்கத்தை மூடப் போய் எனக்கும் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டேன்.

சந்தைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அந்த மேசைக்கு வருகிறவர்கள் எதையும் ஒன்றோடு விடமாட்டார்கள், இரண்டாவதை எடுத்துக் கட்டைவிரல் வைத்துப் பார்ப்பார்கள். யாரோ ஒரு வாடிக்கைக்காரி சொல்லி அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நான் சொல்லியும் தெரிய வேண்டாம், நீதான் சொல்ல வேண்டும். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மகள் வடிவமைத்து அச்சில் வார்த்தது என்று எழுதி அம்மாவின் கோப்பைகளுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், வாங்குகிறவர் வாங்கட்டும். அம்மா என்ன சொல்வாள் என்று எனக்கும் தெரியாது. திட்டலாம், அழலாம், உளியைத் தேடலாம். அதை நீதான் கேட்டுக்கொள்ள வேண்டும். இதுவரை அவளுக்கு ஒன்பது கோப்பை தேறியிருக்கிறது, மிஞ்சிப் போனால் அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு உட்காருவாள்.

இன்னொரு சேதியும் இருக்கிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும், போட்டோ எடுத்து அனுப்பும்வரை சொல்லாதீங்க என்று அம்மா சொன்னாள், நான் சொல்கிறேன். மேசைக்கு முன்னால் மாட்ட அம்மா ஒரு பலகைக்குச் சொல்லியிருந்தாள், அம்மாவும் மகளும் என்று. இன்று காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் பெயிண்டர் கடையில் எட்டிப் பார்த்தேன், அம்மாவும் என்பதை எழுதி முடித்து அடுத்த எழுத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாவும்னா, அம்மாவும் யாரும் சார்?" என்று கேட்டார். வீட்டம்மா வந்து சொல்வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமைக்குள் நீ அம்மாவிடம் பேசு. பேசின பிறகு அவளே போய் மிச்சத்தை என்ன எழுதுவது என்று அவரிடம் சொல்லட்டும்.

கை கால் சுகத்தோடு, செய்கிற தொழில் கூசாமல், நீண்ட நாள் நன்றாக இரு. காய்ந்த மண்ணை மாஸ்க் போடாமல் தேய்க்காதே, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. உன் சூளையின் தெர்மோகப்பிளை எப்போது மாற்றினாய் என்று தேதியோடு எனக்கு எழுது.

கோபமாக இருக்கிற,
உன் அப்பா