மாமியின் புதனும் என் அமாவாசையும்

1980 ஜனவரி 3, வியாழன்
ஏழாவது நாளாக மழை. முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வயல் வட்டைக்குள் ஏறுகிறது. கதிர் வெளிவராத குடலைப் பயிர், முழங்கால் தண்ணீருக்குள் நிற்கிறது. இவர்தான் இந்த வட்டைக்கு விதானை; முகத்துவாரத்தை எப்போது வெட்டித் திறப்பது என்று சொல்ல வேண்டியவர். வயல்காரர் எல்லோரும் இவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கல்யாணம் முடித்து நாலு வருடத்தில் இவர் சோற்றை மிச்சம் வைத்து எழும்பியதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்றுப் பௌர்ணமி. கடற்கரையில் கம்பு நட்டு அளந்தேன். பெருக்குக்கும் வற்றுக்கும் நடுவே இரண்டு அடி.

ஜனவரி 7, திங்கள்
ஒன்பதாம் வகுப்பில் வற்றுப்பெருக்குப் பாடம். சந்திரன் கடலை இழுக்கிறது. சூரியனும் இழுக்கிறது, ஆனால் தூரத்தில் இருப்பதால் அதன் இழுவை பாதிக்கும் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அரைப் பிறையில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதால் ஏற்றமும் குறைவு, வற்றும் குறைவு.

பிள்ளைகளிடம் சொல்லாத உதாரணம் ஒன்று என்னிடம் உண்டு. இவருடைய உம்மா, என் மாமியும் நானும் ஒரு பக்கமாக இழுத்தால் இவர் அசைவார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் இருந்த இடத்திலேயே இருப்பார்.

ஜனவரி 8, செவ்வாய்
வியாழக்கிழமை முகத்துவாரத்தை வெட்டப் போகிறாராம். வியாழன் சரியாக அரைப் பிறை! கடல் நன்றாக வற்றினால்தானே ஆறு வேகமாக இறங்கி மணலை அறுத்துக்கொண்டு போகும்? அமாவாசை வரைக்கும் பொறுங்கள் என்றேன். அதற்குள் மாமி குறுக்கே விழுந்தா.

"அமாவாசை கிமாவாசையெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு? இது சபர் மாசம், மகன். ஒடுக்கத்துப் புதன் கழியட்டும். அதுக்கு முன்னம் மண்வெட்டியத் தொடாத."

சபர் பீடை மாதமாம்; அதன் கடைசிப் புதனில் ஓதிய தண்ணீரில் முழுகினால்தான் பீடை கழியுமாம். சபராவது ஒன்றாவது, மாதத்தில் என்ன பீடை இருக்கிறது என்று நான் சிரித்தேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. அரை மணி நேரம் இருவரும் மாறி மாறிக் கதைத்தோம். இவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சண்ட பிடிங்க. நான் வியாழன் வெட்டுறன்."

இன்னொரு தரம் சொல்லலாமா? சொல்லமாட்டேன். கேட்டால் கேட்கட்டும்.

ஜனவரி 10, வியாழன்
நாற்பது பேர் மண்வெட்டியோடு போனார்கள். காரைதீவிலிருந்து வேலப்போடியும் தன் ஆட்களோடு வந்திருக்கிறார்; அவர் வயலும் இதே தண்ணீருக்குள்தான். பின்னேரம் அசர் தொழுகை நேரம் முகத்துவாரம் திறந்தது. இவர் நனைந்த கோழி போல வந்து சிரித்தார். நானும் சிரித்தேன். கம்பில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஒரு சாண்தான்.

ஜனவரி 11, வெள்ளி
மூடிவிட்டது.

ஜனவரி 13, ஞாயிறு
ஆறு மெதுவாக இறங்கியிருக்கிறது. அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் யாரோ இவர் காதுபட, "விதானைக்குக் கைராசி இல்ல" என்றார்களாம். எங்கள் பள்ளக்காணி இரண்டு ஏக்கரும் அழுகத் தொடங்கிவிட்டது.

ஏன்டி வாயை மூடிக்கொண்டு இருந்தாய்? ரோசம் பெரிதா, பயிர் பெரிதா? அந்த மனிசனைப் பார்க்க ஏலாமல் இருக்கு — அல்லாஹ்வே, நான் இன்னொரு தரம் சொல்லியிருக்க வேணும்.

ஜனவரி 14, திங்கள்
வகுப்பில் ஹாஜறா எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், மாரி மட்டும் ஒவ்வொரு வருசமும் மார்கழியில நிண்டுக்கிட்டிரிக்கி. நோன்பு ஏன் ஓடிக்கிட்டே இரிக்கி?"

மாரி சூரியனின் கணக்கு. பூமி சாய்ந்து சுற்றுவதால் மார்கழியில் வெயில் தெற்கே போய்விடும். அப்போது வடகிழக்குக் காற்று மழையோடு வரும். நோன்பு சந்திரனின் கணக்கு. பன்னிரண்டு பிறை சேர்ந்தாலும் சூரிய வருடத்துக்குப் பதினொரு நாள் குறையும். இதைச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் ஒரு மாதத்தை வரைந்தேன்: பிறை, அரை, முழு, அரை, கடைசியில் ஒன்றும் தெரியாத வட்டம். மாதக் கடைசி. சந்திரன் மறையும் நாள்.

வெண்கட்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் மாதம் எதுவானாலும் முடிவது அமாவாசையை ஒட்டித்தான்! சபரின் கடைசிப் புதன் பதினாறு. அது கழிந்த மறுநாள் பதினேழு, அமாவாசை. மாமியும் நானும் அரை மணி நேரம் தொண்டை கிழியச் சண்டை பிடித்தது ஒரே நாளுக்காக. பிறந்த நாளிலிருந்து பிறை பார்த்து வளர்ந்தவள் நான், விஞ்ஞானம் வேறு படிப்பிக்கிறேன்!

ஜனவரி 15, செவ்வாய்
பொங்கல். வேலப்போடி பொங்கிய புக்கை கொண்டுவந்தார். அவர் இருக்கும்போதே நானும் மாமியும் சேர்ந்து போய் இவர் முன்னால் நின்றோம். முதலில் மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கணக்கைச் சொன்னேன்.

வேலப்போடி தொடையில் தட்டினார். "வியாழன் தை அமாவாச. விடிய அப்பாக்குத் தர்ப்பணம் குடுத்துட்டு ஆக்களோட வாறன், விதானையார்."

இவர் என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்டு சேந்தா நான் என்ன செய்ய?"

ஜனவரி 16, புதன்
மாமி ஓதிய தண்ணீரில் தலை முழுகினேன். சிரிக்கவில்லை.

ஜனவரி 17, வியாழன்
காலையில் மணலில் வாய்க்கால் தோண்டி, கடலோரக் கடைசி மணலை மட்டும் விட்டுவைத்தார்கள். கம்பில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் நான் ஆள் அனுப்பினேன். உடனே அதையும் வெட்டினார்கள். மத்தியானம் லுஹர் தொழுது வருவதற்குள் ஆறு இரண்டு கரையையும் அறுத்துக்கொண்டு பாய்ந்தது. இவர் கரையில் நின்று என்னைத் தேடிப் பார்த்ததைக் கண்டேன். இந்த மனிசனில் எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதி வைக்கிறேன், யாரும் வாசிக்கப் போவதில்லை.

மார்ச் 20
அறுவடை முடிந்து சூடும் அடித்தாயிற்று. வட்டை தப்பியது. எங்கள் பள்ளக்காணியில் மட்டும் ஒரு கதிர் இல்லை. பிழை என்னுடையது என்றேன். "நீ ஒருக்காச் சொன்னாய்தானே புள்ள. கேக்காதவன் நான்" என்றார்.

டிசம்பர் 2
மாரி பிடித்துவிட்டது. முகத்துவாரம் மறுபடி மூடிக் கிடக்கிறது. அசருக்குப் பிறகு வேலப்போடியும் ஐந்தாறு வயல்காரரும் வந்து முன்வாசலில் இருந்தார்கள். இவர் குசினிக்குள் வந்தார்.

"புள்ள, எண்டைக்கு வெட்டுற?"

"நீங்கதானே விதானையார். என்னட்ட கேக்கிறீங்க?"

"ஓம். விதானை எண்டபடியாத்தான் கேக்கன். வெளிய வந்து அவங்களுக்குச் சொல்லு."

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கு முன்னமே மாமி அங்கே கதிரை போட்டு இருந்தா.