பத்து ஒலியில் இடம் இல்லாமல் போன மானம்

நிக்‌ஷிச் மேற்கு மலை, நவம்பர் கடைசி

அன்பு மகள் யாக்லிகாவுக்கு அப்பா விதோயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா இகோனியாவும் நலம், குதிரை நலம், கோழிகளில் ஒன்றைத் தவிர எல்லாம் நலம். மற்றபடி நலமில்லாதது தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், அதற்குக் காரணம் நீ. கோபன்ஹேகனில் குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே முதல் உறைபனிக்குக் குழாய் வெடித்து, நான் குதிரையின் இரண்டு பக்கமும் பீப்பாய் கட்டி ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன். எல்லாம் உன் நாவலால்தான். எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, நீ எழுதியதை நான் பென்சிலை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன், நீ இதை ஒரு முறை படித்தால் குறைந்துபோக மாட்டாய்.

முதலில் தொலைபேசி விஷயம். போன மாதம் நீ, "வீட்டுப் பேரைக் கெடுத்தவள்னு எனக்கு எழுதிட்டீங்க, இனி நீங்களா ஒரு வார்த்தை வான்னு கூப்பிடுங்கப்பா, அப்பதான் புனித நிக்கோலாஸ் நாளுக்கு வருவேன்" என்று சொன்னாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். எழுதியது எழுதியதுதான், மை காய்ந்துவிட்டது, அதை நான் திரும்ப வாங்கமாட்டேன். ஆனால் கூப்பிடாததற்குக் காரணம் அது இல்லை. வீட்டுப் புனிதரின் நாளுக்கு நம்மில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்பது உனக்குத் தெரியாதா. கதவு திறந்திருக்கும், வருகிறவன் வருவான், வராதவனை அடுத்த வருடம்வரை ஊர் பேசும். கூப்பிட்டால் மற்ற நாளில் அவன் நமக்கு அந்நியன் என்று அர்த்தம். பெற்ற மகளைக் கூப்பிட்டேன் என்று தெரிந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள். போன வருடமும் நீ வரவில்லை, புனிதரின் ரொட்டியைப் பிடித்துத் திருப்ப ஒரு கை குறைந்தது, பாதிரியார் தன் கையைக் கொடுத்தார், ரொட்டி கோணலாக உடைந்தது. அதை நான் இதுவரை உனக்குச் சொல்லவில்லை.

இப்போது குழாய். உன் புத்தகம் ஊருக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்தது. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில் கால்நடை மருத்துவர் அதை உரக்கப் படித்தார், மாடுகளோடு பேசிப் பழகிய குரல், மூலையில் இருப்பவனுக்கும் கேட்கும். எல்லாருக்கும் விஷயம் தெரியுமே, ஆற்றுத்துறைச் சண்டைப் பாட்டைத்தான் நீ நாவலாக்கியிருக்கிறாய் என்று. அந்தப் பாட்டில் நம் ஊரில் வீட்டுக்கு ஒரு வரி இருக்கிறது, அந்த வரியை வைத்துத்தான் இன்றுவரை கல்யாணத்தில் யார் எங்கே உட்காருவது என்று முடிவாகிறது. ஊர்க் குழுத் தலைவன் ராஷோவின் மூதாதைக்கு "வூகோசாவோ வாளெடுத்துச் சென்றான்" என்று வரி. நம் மூதாதைக்கு "பெரிஷாவோ பரியுடன் நின்றான்" என்று வரி. வரிக்குப் பத்து ஒலி, நாலாவதில் ஒரு மூச்சு, மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் யாருக்கும் சரியாக வரும். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ராஷோ தலையை ஆட்டிக் குடித்துக்கொண்டிருந்தான், உன் நாவலில் வூகோசாவ் ஆற்றுக்குள் இறங்குகிற இடம்வரை. அங்கே நீ அவனைக் கொன்றுவிட்டாய். கொன்றது பரவாயில்லை, பாட்டிலும் சாகிறான். ஆனால் மீசை சரியாக முளைக்காத வயதில், ஒரு பெண்ணையும் ஏறிட்டுப் பார்க்காதவனாகக் கொன்றிருக்கிறாய். மருத்துவர் அந்தப் பத்தியை முடித்ததும் ராஷோ எழுந்தான். "இருங்கய்யா, இவன் கல்யாணமே கட்டாமச் செத்துட்டா அப்ப நான் யாரு?" என்றான்.

மறுநாள் குழாய் வெடித்தது. ஊர்க் குழுவின் குழாய்க்காரன் வரவேண்டும் என்றால் ராஷோ கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். நான் போனேன். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஓய் விதோயே, ஒம் மவ எழுத்துப்படி நான் இன்னும் பொறக்கவே இல்ல, பொறக்காதவன் எப்படிய்யா கையெழுத்துப் போடுவான்?" என்றான். பிறக்காதவன் எப்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டேன். "அது நாற்காலியோட பிரச்சனை" என்றான். அடுத்த பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடச் சொன்னான், வூகோசாவுக்கு வழியில் ஏதோ ஒரு பெண், பெயர்கூட வேண்டாம், வைக்கோல் போர் ஒன்று இருந்தால் போதும் என்றான். நான் மேசையைத் தட்டிச் சொன்னேன், "எம் பொண்ணு கொன்னா கொன்னதுதான், உசுரு குடுக்கிறதுக்கு நீ கர்த்தர்கிட்ட மனு போடு" என்று. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது நம் வீட்டுக்குள், ராஷோவுக்கு அதில் ஒரு துளியும் கொடுக்கமாட்டேன். அவன் மனைவி ஸ்மில்யானா மட்டும் சந்தோஷமாக இருக்கிறாள். தினமும் வந்து உன் அம்மாவிடம், "இத்தனை வருஷமா எது கேட்டாலும் பதிலே வரலையேன்னு இருந்தேன் அக்கா, ஆளே இல்லைன்னு இப்பத்தான தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

என் கோபம் என்ன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரிஷா குதிரைகளோடு ஏன் நின்றான் என்று நீ கேட்டாய், பயந்து நின்றான் என்று நீயே பதிலும் எழுதிவிட்டாய். நின்றான் என்ற சொல்லில் பயம் எங்கே இருக்கிறது. ஓடவில்லை, உட்காரவில்லை, நின்றான். எல்லாரும் வாளோடு போய்விட்டால் குதிரைகளை யார் பிடிப்பது, குதிரை இல்லாமல் உயிரோடு மிஞ்சியவன் எப்படி வீடு வருவான், வீடு வராவிட்டால் யார் வாயிலிருந்து பாட்டு வரும். இதையெல்லாம் சொல்ல அந்த வரியில் இடம் இல்லை. இன்னும் நாலு ஒலிக்கு இடம் இருந்திருந்தால் பாட்டைக் கட்டியவன் "உறுதியாய்" என்றோ "தனியாக" என்றோ ஏதாவது போட்டிருப்பான், கல்யாணங்களில் நாம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அந்தப் பாட்டில் கை என்றால் வெண்கைதான், கரி சுடுகிறவன் கையானாலும். குதிரை என்றால் வெள்ளைதான், சேற்றில் புரண்டு எழுந்ததானாலும். சொல்லை அளவுக்கு வெட்டிப் போடுகிற இடம் அது, அதைப் போய் நீ சாட்சி வாக்குமூலம்போலப் படித்திருக்கிறாய். எனக்குப் பள்ளிக்கூடம் நாலாவதோடு முடிந்தது, மீதியை மின்கம்பி வேலைக்குப் போய்க் கம்பத்து மேலே உட்கார்ந்து நானே படித்தேன், அதனால் நான் சொல்வது தவறாக இருக்க வாய்ப்பு குறைவு.

போன ஞாயிறு இதைத் தீர்த்துவைக்க ராஷோ பக்கத்து மலையிலிருந்து ததியாவைக் கூட்டிவந்தான். ஒற்றை நரம்புக் குஸ்லேயை மடியில் வைத்துக்கொண்டு பழைய பாடகர் பாடியபடியே பாடுகிறவர் என்று சொன்னார்கள். ஊரே மதுக்கடையில் இருந்தது. வூகோசாவ் வாளெடுத்துச் சென்றான், நன்றாகத்தான் பாடினார். அடுத்த வரி "வீட்டிலொரு கர்ப்பிணி அழுதாளே" என்று வந்தது. ராஷோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு எங்கோ இடித்தது. விரல்விட்டு எண்ணினேன், பதினொன்று. எழுந்து நின்று, "நிறுத்துங்க ததியா, ஒண்ணு கூட வருது" என்றேன். மதுக்கடை முழுவதும் கையைத் தூக்கி விரல்விட்டு எண்ணியது. மர ஆலையில் ஒரு விரலைக் கொடுத்த மிலுத்தின், "எனக்கு ரெண்டு கூட வருது" என்றான், அவனுக்கு எந்தப் பாட்டும் சரியாக வந்ததில்லை, அதை விடு. ததியா வெட்கப்படவே இல்லை. குஸ்லேயைக் கீழே வைத்துவிட்டு, "தலைவர் வீட்டுல பொகையில வாட்டின பன்னித்தொட ஒண்ணு குடுத்தாங்க, தொட நல்லாருந்துச்சு, வரிதான் சரியா அமையல" என்றார். ராஷோ துள்ளிக் குதித்தான். ததியா அவனைப் பார்த்து, "என்னத்துக்குக் கத்துற, ஒங்க பாட்டனார் கையில வாள் எப்படி வந்துச்சுன்னு நெனச்ச? இந்தப் பாட்டக் கட்டினவரு அன்னிக்கு ஒங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு" என்றார்.

யாக்லிகா, அடுத்து அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒங்க வீட்டுக்கு அவரு வந்தது வெள்ளிக்கெழம, விரத நாளு. எண்ணெகூட விடாம வெறும் மொச்சைக் கஞ்சி ஊத்திருக்காங்க. ராஷோ வீட்டுல விரதம்னா அது எந்த ஊருன்னு கேப்பாங்க, கறி போட்டாங்க. பாட்டுக்காரன் என்ன பண்ணுவான்? கறிக்கு வாளு, மொச்சைக்குக் குதுர." மதுக்கடையில் ஒவ்வொருவனும் தன் வீட்டில் அன்றைக்கு என்ன சமைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு ததியா, "அந்தப் பொண்ணு யாரு வீட்டுலயும் சாப்பிடாம எழுதிருக்கு, அதான் அதுக்கு யார வேணும்னாலும் கொல்ல முடியுது" என்றார். அவர் உன்னைப் பாராட்டினாரா திட்டினாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் நம் பெரிஷா பயந்து நிற்கவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. நம் வீட்டார் கர்த்தருடைய வெள்ளிக்கிழமையைக் காத்ததால் அவன் நின்றான். அதை நீ திருத்த வேண்டாம், ராஷோவுக்காகத் திருத்தாதபோது எனக்காகவும் திருத்தக்கூடாது, அது முறையில்லை. தெரிந்துகொண்டால் போதும்.

ராஷோ கதவை அறைந்துவிட்டு, பிறக்காதவன் யார் வீட்டு விருந்துக்கும் வரமாட்டான் என்று சொல்லிப் போய்விட்டான். அடுத்த நாள் ஸ்மில்யானா அவன் அலமாரியிலிருந்து முத்திரையை எடுத்துவந்து, இல்லாதவனின் மனைவி என்ற முறையில் எங்கள் வீட்டு மேசையிலேயே குத்திக் கொடுத்தாள். குழாய்க்காரன் வியாழக்கிழமை வருகிறானாம். நிக்கோலாஸ் நாளில் மீன் வாசம் வந்தால் ராஷோவும் வருவான் என்று உன் அம்மா சொல்கிறாள், எப்படியும் அன்றைக்கு விரத காலம், கறி கிடையாது, யாருக்கும் வாள் கிடைக்கப்போவதில்லை.

இன்னும் ஒன்று. உன் நாவலில் அந்தப் பெண் வெளிநாட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "என்னுடைய வீடு இங்கே இல்லை" என்று சொல்கிற இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. எண்ணிப் பார்த்தேன். பத்து. நாலாவதில் மூச்சு. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும், கேட்டால் ஒப்புக்கொள்ளவும் மாட்டாய், என் மகள்தானே. அந்தப் பக்கத்தில் மட்டும் நான் எதுவும் குறித்துவைக்கவில்லை.

நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், அந்த ஊர்க் காற்றை நம்பாதே, வெந்நீர் வருகிறது என்பதற்காக ஈரத் தலையோடு வெளியே போகாதே. புனித நிக்கோலாஸ் உன்னைக் கடலிலும் பனியிலும் காக்கட்டும், உன் கை எழுதுகிறவர்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், கல்யாணமாகாதவர்களுக்கும் சேர்த்து. அம்மா உனக்கு முத்தம் அனுப்புகிறாள், பெரிய கெண்டை மீனுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள், இரண்டு பேருக்குத் தேவையானதைவிடப் பெரியது, ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் உன்னைக் கூப்பிடவில்லை என்பதை நினைவில் வை. ஆனால் நிக்‌ஷிச்சிலிருந்து மதியப் பேருந்து இப்போதும் வளைவில்தான் நிற்கிறது, அங்கிருந்து மேலே ஏறப் பனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பண்டிகைக்கு முந்தின நாள் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. குதிரையைப் பிடித்து நான் நிற்பேன். வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள். பயந்து நின்றேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

பெரிஷா வீட்டு மூத்தவன்,
உன் அப்பா விதோயே