சீனுவின் இருமல்

14-5-2006, ஞாயிறு

ஜூஜுவாடி பில்லியர்ட்ஸ் போட்டியில் கோப்பை எனக்குத்தான் என்று கம்பெனியில் என் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஊர் ஊராகப் போட்டி ஆடியே பிழைக்கிற சீனு கெடுத்துவிட்டான். கடைசிக் கறுப்புப் பந்தை நான் தூக்கத்தில்கூடக் குழியில் தள்ளுவேன். குறிபார்த்த நேரத்தில் பெங்களூர் வரை கேட்கிற மாதிரி இருமினான். போகிற இடமெல்லாம் இதே இருமல்தான். என் அடி தவறிவிட்டது.

"இதெல்லாம் ஒரு ஆட்டமாடா?" என்றேன்.

"ஒரு இருமலுக்கே கை இப்படி நடுங்குதே, வூட்டுக்குப் போயி படு மாமா!"

ஐந்நூறு பேர் சிரித்தார்கள். சரி, முப்பது பேர்.

பிறகு அதே பந்தை இரண்டு விளிம்பில் மோதவிட்டு மூலைக் குழியில் போட்டான். எனக்குக் கைகூடக் கொடுக்காமல் போனான். ஆறு வருடமாக நான் கனவில் மட்டும் அடிக்கிற அடி அது. அதைப் போய் அந்தப் பயலுக்கா கொடுக்க வேண்டும் கடவுள்?

பந்து விழுந்ததும் முதலில் கைதட்டியது நான்தான். நாளை ஷிஃப்டில் இருமலை மட்டும் சொல்லப்போகிறேன்.